கோபித்துக்கொண்டு போனவர்களின் திருவிழா

உலகின் முதல் சர்வதேச இலக்கிய விழா எங்கே நடந்தது என்று ஐரோப்பியர்களைக் கேட்டால், மழை பெய்யும் ஏதாவதொரு புத்தகக்கடை ஊரைச் சொல்வார்கள். அரபிகள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். 6ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் இதையெல்லாம் நடத்தி முடித்துவிட்டார்கள். கூடாரம், நடுவர், போட்டி, பரிசு, தீர்ப்பில் அதிருப்தி, எல்லாமே இருந்தது. ஒருவருக்குக் காலும் போனது. காலுக்குப் பிறகு வருவோம்.

இடம், தாயிஃப் நகருக்கு அருகிலுள்ள உக்காஸ் என்ற பொட்டல்வெளி. காலம், ஹஜ்ஜுக்கு முந்தைய துல்கஅதா மாதம், ஏறக்குறைய 20 நாள். அந்த மாதத்தில் யாரும் யாரையும் வெட்டக் கூடாது என்பது குலங்களுக்கிடையே இருந்த புனிதக் கட்டுப்பாடு. வருஷத்தில் நான்கு மாதம் அப்படி ஓய்வு. பாக்கி எட்டு மாதம் வழக்கம்போல வேலை நாள். ஆகவே அண்ணனைக் கொன்றவனும் செத்தவனின் தம்பியும் உக்காஸில் ஒரே கடையில் நின்று தோல் பேரம் பேசலாம்.

ஆம், தோல். இலக்கிய விழா என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் அது அடிப்படையில் சந்தைதான். பதனிட்ட தோல், உலர்திராட்சை, யமன் நாட்டுத் துணி இதெல்லாம் வாங்கத்தான் ஜனம் வந்தது. ஜனம் இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்துக் கவிஞர்கள் வந்தார்கள். கருத்தரங்கக் கூடம் காலியாகவும் சாப்பாட்டுக் கடை நிரம்பியும் இருப்பதைக் கண்டு மனம் புழுங்கும் இன்றைய அமைப்பாளர்கள் தேற்றிக்கொள்ளலாம். மரபு கெடவில்லை.

ஏற்பாடுகளும் கச்சிதம். மக்காவின் பெரும் பணக்காரர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனிடம் வருகிறவர்கள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டுப் போவார்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. கோயில் வாசல் செருப்புக் காப்பகம் மாதிரிதான், செருப்புக்குப் பதில் வாள். பிரபலங்கள் முகத்தை மூடிக்கொண்டு வருவார்கள். அடக்கம் காரணமில்லை. 'ஓ, அந்த ஆள் இவன்தானா' என்று எதிரி அடையாளம் வைத்துக்கொண்டால், புனித மாதம் முடிந்த மறுநாள் வம்பு. தரீஃப் என்ற வீரர் 'எனக்கென்ன பயம்' என்று முகத்திரையைக் கழற்றிவிட்டுச் சந்தையைச் சுற்றினாராம். எதிர்க்குலத்து ஆள் ஒருவர் அவரையே உற்றுப் பார்த்தார். 'என்ன பார்க்கிறாய்?' 'அடுத்த தடவை போர்க்களத்தில் பார்த்தால் கொல்ல வேண்டுமே, அதற்காக முகத்தை மனப்பாடம் செய்கிறேன்.' சொன்னபடியே செய்தும் விட்டார். வாசகர் சந்திப்பு என்பது அன்று அவ்வளவு ஆத்மார்த்தமாக இருந்தது.

விழாவின் நாயகர் நாபிகா. அவருக்கென்று சிவப்புத் தோலில் ஒரு கூடாரம் அடிப்பார்கள். கவிஞர்கள் வரிசையில் நின்று பாடுவார்கள், அவர் தீர்ப்புச் சொல்வார். நடுவர் பதவிக்கு அவருடைய தகுதி என்ன? ஹீரா நகர மன்னர் நுஃமானின் அரசவைக் கவிஞராக இருந்தவர். அரசியை வருணித்து ஒரு கவிதை எழுதினார். வருணனை அளவுக்குமேல் துல்லியமாக அமைந்துவிட்டது. 'இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும்?' என்று மன்னருக்கு நியாயமான ஒரு சந்தேகம். நாபிகா இரவோடு இரவாகப் போட்டி அரசரான கஸ்ஸானியரிடம் ஓடினார். அங்கே உட்கார்ந்துகொண்டு பழைய முதலாளிக்கு மன்னிப்புக் கவிதைகளாக எழுதி அனுப்பினார். அரபு இலக்கியத்தில் மன்னிப்புக் கவிதை என்றாலே இன்றும் நாபிகாதான். அதிகமாக வருணிப்பதன் விளைவை உடம்பால் உணர்ந்தவரைவிட வேறு நல்ல விமர்சகர் கிடைப்பாரா?

ஒரு வருஷப் போட்டி சரித்திரப் புகழ் பெற்றது. முதலில் அஃஷா பாடினார். மாலைக்கண் நோய்க்காரர், மதுப் பிரியர், அரேபியா முழுக்கச் சுற்றிக் காசுக்குப் புகழ் பாடியவர். அடுத்து ஹஸ்ஸான் இப்னு ஸாபித். கடைசியில் கன்ஸா; கொல்லப்பட்ட சகோதரர்களுக்காக அவர் பாடிய இரங்கற்பாக்களுக்கு அரபு மொழியில் இன்றுவரை நிகரில்லை. கேட்டுவிட்டு நாபிகா சொன்ன தீர்ப்பின் சாரம்: 'சற்றுமுன் அஃஷா மட்டும் பாடியிருக்காவிட்டால், மனிதரிலும் ஜின்களிலும் நீதான் சிறந்த கவி என்று சொல்லியிருப்பேன்.' பெண்ணுக்கு முதல் பரிசு தராமலிருக்க நடுவர்கள் பயன்படுத்தும் நயமான வாசகங்களின் தாய் இது. வரிசை எண் சரியில்லையாம், அவ்வளவுதான்.

கன்ஸா சத்தம் போட்டதாகச் செய்தியில்லை. சத்தம் போட்டவர் ஹஸ்ஸான். நடுவரைவிட, நடுவரின் அப்பாவைவிடத் தானே பெரிய கவி என்று அறிவித்தார். நாபிகா நிதானமாக ஒரு செய்யுளை எடுத்து உரித்துப் போட்டார். விருந்துக் கலங்களையும் வாள்களையும் பாடியிருக்கிறாய். நீ போட்ட பன்மை பத்துக்குள் அடங்கும் பன்மை, அவ்வளவு கஞ்சக் குலமா உன்னுடையது? பகலில் எது வேண்டுமானாலும் மின்னும், ராத்திரி மின்னினால் அல்லவா பெருமை? ரத்தம் ஓட வேண்டிய இடத்தில் சொட்ட விட்டிருக்கிறாயே? ஹஸ்ஸான் எழுந்து போய்விட்டார். இது பஸ்ரா இலக்கணப் பண்டிதர்கள் பிற்காலத்தில் பாடம் நடத்தக் கட்டிய கதை என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தும், 10ஆம் நூற்றாண்டில் குதாமா இப்னு ஜஅஃபர் என்ற விமர்சகர் ஹஸ்ஸான் பக்கம் நின்று புள்ளிக்குப் புள்ளி பதில் எழுதினார். மேல்முறையீடு விசாரணைக்கு வர முந்நூறு ஆண்டுக்குமேல் ஆயிற்று. எந்த நீதிமன்றத்தையும் இனிக் குறை சொல்ல வேண்டாம்.

அஃஷாவின் இன்னொரு சாதனை, விளம்பரத் துறையில். முஹல்லக் என்று ஓர் ஏழை. வீடு நிறையக் கல்யாணமாகாத பெண்கள். உக்காஸுக்குப் போய்க்கொண்டிருந்த அஃஷாவை முஹல்லக் வழியில் மடக்கி, இருந்த ஒரே ஒட்டகத்தை அறுத்துச் சோறு போட்டு, மதுவும் ஊற்றினார். அஃஷா உக்காஸில் நின்று முஹல்லக்கின் வள்ளன்மையைப் பாடினார். சந்தை கலைவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வரிசை கட்டிவிட்டார்கள். ஒரு பெண் மிச்சமில்லை. இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட உறுதியான பதில் 1,400 ஆண்டுகளில் யாரும் சொன்னதில்லை.

இனி, கால். கிஃபார் குலத்து பத்ர் என்பவர் ஒரு நாள் உக்காஸ் நடுவில் உட்கார்ந்து காலை நீட்டினார். 'அரபிகளிலேயே மேலானவன் நான். என்னைவிட மேலானவன் என்று யாராவது நினைத்தால் இந்தக் காலை வெட்டட்டும்' என்றார். சவாலை வெறும் அணியாகக் கொள்ளத் தெரியாத ஒருவர் கூட்டத்தில் இருந்தார். வெட்டிவிட்டார். ஆயுதக் காப்பகத்தில் எங்கோ கசிவு இருந்திருக்கிறது. இரண்டு குலங்களும் மோதத் தயாராகி, பெரியவர்கள் நடுவில் விழுந்து விலக்கினார்கள். இன்னொரு வருஷம் ஒருவர் கடனைத் திருப்பித் தராத கினானா குலத்தாரைக் கேவலப்படுத்த ஒரு குரங்கைச் சந்தைக்குக் கூட்டி வந்தார். 'இன்னாரிடம் எனக்கு வர வேண்டிய பாக்கியைத் தருகிறேன், அதற்கு ஈடாக இப்படி ஒரு குரங்கு யார் தருவீர்கள்?' என்று கூவினார். அவ்வழியே போன கினானாக்காரர் ஒருவர் குரங்கை வெட்டிப் போட்டார். மறுபடியும் குலம், மறுபடியும் பெரியவர்கள். ஃபிஜார் போர்கள் என்று வரலாற்றில் கம்பீரமாகப் பெயர் பெற்ற சண்டைகளின் ஆரம்ப அத்தியாயங்கள் இவைதான்: ஒரு கால், ஒரு குரங்கு. கடைசிச் சுற்றில் உக்காஸுக்கு வந்துகொண்டிருந்த ஹீரா மன்னரின் வணிகக் கூட்டத்தின் தலைவரையே ஒருவர் கொன்றுவிட, நிஜமான போர் மூண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஹஸ்ஸானின் கோபம் பன்மை விகுதியோடு முடிந்தது. கால் நீட்டியவரின் கதை முழங்காலோடு முடிந்தது. இரண்டும் நடந்தது ஒரே சந்தையில். கவிதைக் கூடாரத்துக்குள் இருந்தவரை யாருக்கும் அங்கம் குறையவில்லை. திட்டுவதற்கு ஓர் இடமும் நேரமும் ஒதுக்கிவைத்தால் வெட்டுகிறவர்களின் எண்ணிக்கை கொஞ்சம் குறையும் என்று அந்தப் பாலைவனத்தார் கண்டுபிடித்திருந்தார்கள். இலக்கிய விழாவுக்கு இதைவிட உயர்ந்த நோக்கத்தைப் பிறகு எந்த அழைப்பிதழிலும் நான் வாசித்ததில்லை.

வென்ற கவிதைகளைப் பொன்னெழுத்தில் எழுதிக் கஅபாவில் தொங்கவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. 'முஅல்லகாத்' எனப்படும் ஏழு கவிதைகளுக்கு இப்படி ஒரு ஜோடனை. 10ஆம் நூற்றாண்டிலேயே நஹ்ஹாஸ் என்ற இலக்கண அறிஞர் 'அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்லிவிட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவற்றைத் தொகுத்தவர் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹம்மாத் அர்ராவியா. தானே எழுதிய வரிகளைப் பழங்கவிஞர்கள் தலையில் கட்டுகிறார் என்று வாழ்ந்த காலத்திலேயே பேர் வாங்கியவர். பின்னட்டை வாசகம் அன்றே பிறந்துவிட்டது.

இஸ்லாம் வந்து, ஊர்கள் வளர்ந்து, கடை இடம் மாறியது. 8ஆம் நூற்றாண்டின் நடுவில் கலகக்காரர்கள் உக்காஸைச் சூறையாடியதோடு சந்தை படுத்துவிட்டது. அதற்கு வெகு முன்பே ஆட்டம் இராக்கின் பஸ்ராவுக்கு வந்துவிட்டது. ஊர் வாசலில் ஒட்டகங்கள் மண்டியிடும் மிர்பத் திடல். உக்காஸில் வருஷத்துக்கொரு முறை நடந்தது இங்கே அன்றாடம் நடந்தது. நட்சத்திரங்கள் இருவர்: ஜரீர், ஃபரஸ்தக். இருவரும் தமீம் குலம். சுமார் நாற்பது ஆண்டு ஒருவரையொருவர் திட்டினார்கள். விதிமுறை கடுமையானது: ஒருவர் எந்தச் சந்தத்தில், எந்த இயைபில் திட்டினாரோ அதே சந்தத்தில், அதே இயைபில் மற்றவர் பதில் திட்ட வேண்டும். அம்மா, பாட்டி, குலம், ஒட்டகம் எதற்கும் விலக்கில்லை, ஆனால் சந்தம் தப்பக் கூடாது. இன்றைய சமூக ஊடகத்தில் இந்த ஒரு விதியைக் கொண்டுவந்தால் ஒரே வாரத்தில் அமைதி நிலவும்.

ஃபரஸ்தக் பெரிய இடத்துப் பிள்ளை. ஜரீர் ஆட்டுக்கார வீடு. 'அரபுக் கவிகளில் யார் சிறந்தவர்?' என்று ஒருவர் கேட்டதற்கு ஜரீர் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனாராம். ஒரு கிழவர் ஆட்டு மடியில் நேரே வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். 'இவர் என் அப்பா. பாத்திரத்தில் கறந்தால் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் பால் கேட்டு வந்துவிடுவார்களாம். இந்த அப்பாவை வைத்துக்கொண்டு வம்சப் பெருமை பேசியே எண்பது கவிஞர்களை நான் வீழ்த்தியிருக்கிறேன் என்றால், யார் சிறந்தவர் என்று நீயே சொல்.' வெறும் கற்பனை வளத்துக்கு இதைவிடச் சான்று கிடையாது.

இந்த இருவர் சண்டைக்கு நடுவே மூக்கை நுழைத்தவர் ராஈ என்ற முதுகவி. ஃபரஸ்தக்தான் மேல் என்று தீர்ப்புச் சொல்லித் திரிந்தார். ஜரீர் மரியாதையாகவே போய் 'நமக்குள் என்ன, சும்மா இருங்கள்' என்று கேட்டார். ராஈயின் மகன் வந்து அப்பாவின் கோவேறு கழுதையைச் சவுக்கால் தட்ட, ஜரீர் தடுமாற, அவர் தொப்பி தரையில் விழுந்தது. தங்கியிருந்த வீட்டுக்குப் போன ஜரீர் ஒரு குடுவை பானமும் விளக்கும் கேட்டு வாங்கி மாடியில் ஏறினார். ராத்திரி முழுக்க உடுப்பில்லாமல் படுக்கையில் உருண்டு தவழ்ந்து முணுமுணுத்ததை எட்டிப் பார்த்த கிழவி, விருந்தாளிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கீழே போய்ச் சொன்னாள். வீட்டாருக்குத் தெரியும்: 'ஒன்றுமில்லை, எழுதுகிறார்.' விடியும்போது எண்பது அடி முடிந்தது. ஜரீர் குளித்து, எண்ணெய் தடவி, மிர்பதுக்குப் போய்ப் பாடினார். ராஈ அன்றே மூட்டை கட்டினார். அவருடைய நுமைர் குலத்தார் அதற்குப்பின் 'நீங்கள் எந்தக் குலம்?' என்று கேட்டால் பாட்டனைத் தாண்டிக் குதித்து இன்னும் மேலே ஒரு மூதாதையின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்களாம். தொப்பியைத் தட்டிவிட்டதற்கு ஒரு குலத்தின் முகவரியே மாறியது.

அந்த ஊரில் இப்படித் திட்டு வாங்குவதே ஒரு கௌரவம். பார்வையில்லாத ஒரு சிறுவன், பஷ்ஷார் இப்னு புர்த், ஜரீரைத் திட்டிப் பாடினான். பொடியன் என்று ஜரீர் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் பெருங்கவியான பஷ்ஷார் ஆயுள் முழுக்கப் புலம்பினார்: 'அன்று ஒரே ஒரு முறை பதில் சொல்லியிருந்தால் நான்தான் உலகின் முதல் கவி ஆகியிருப்பேன்.' சிறுவன் பஷ்ஷார் ஊராரையும் திட்டினான். அவர்கள் அப்பாவிடம் புகார் செய்ய, அப்பா அடிக்க, பையன் ஒரு யோசனை சொன்னான்: குருடர் மீது குற்றமில்லை என்று வேதத்திலேயே இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள். அப்பா அப்படியே சொன்னார். ஊரார் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். பையனின் கவிதையைவிட அப்பாவின் சட்ட விளக்கம் அதிகம் எரிச்சலூட்டுகிறதாம்.

728க்கும் 730க்கும் இடையில் ஃபரஸ்தக் இறந்தார். நாற்பது ஆண்டு திட்டிய ஜரீர் அழுது, இரங்கற்பா பாடினார். சில மாதங்களில் அவரும் போய்விட்டார். எதிரி போனபின் எந்தச் சந்தத்தில் பேசுவது?

இனிப் பன்னிரண்டு நூற்றாண்டைத் தாண்டுவோம். 1971இல் இராக் அரசு மிர்பத் பெயரில் கவிதைத் திருவிழா தொடங்கியது. பஸ்ராவில் ஆரம்பித்தது, ஈரானோடு போர் வந்ததும் பாக்தாதுக்கு மாறியது. அரபு நாடுகளிலிருந்தெல்லாம் கவிஞர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். நல்ல ஓட்டல், நல்ல சாப்பாடு. பழைய மிர்பதுக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே யார் யாரை வேண்டுமானாலும் திட்டலாம், இங்கே சதாம் உசேனைப் புகழலாம். கால் நீட்டிக்கொண்டு 'நானே மேலானவன்' என்று சொன்ன பத்ருக்கு, வெட்டத் துணியாத சபை வாய்த்திருந்தால் எப்படியிருக்கும் என்பதை இராக்கில் பார்த்தார்கள். கோபித்துக்கொண்டு போக யாருக்கும் வசதியில்லை. பிறகு தலைவருக்கே எழுத்து ஆசை வந்தது. 2000இல் 'ஸபீபாவும் அரசனும்' என்ற நாவல் வெளியானது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இதை எழுதியவர்' என்றுதான் இருந்தது. எழுதியவர் யார் என்று நாட்டில் அனைவருக்கும் தெரிந்திருந்ததால் விமர்சகர்களுக்குக் குறை எதுவும் தென்படவில்லை. நாபிகாவே வந்திருந்தாலும் பன்மை விகுதியைப் பற்றி வாயைத் திறந்திருக்கமாட்டார். கஸ்ஸானுக்கு அடுத்த ஒட்டகம் எப்போது என்று விசாரித்திருப்பார். 2003க்குப் பிறகு விழா பஸ்ராவுக்கே திரும்பியது.

அதே 2003இல் கெய்ரோவில் ஹஸ்ஸானுக்கு ஒரு வாரிசு கிடைத்தார். அரபு நாவல் மாநாட்டில் பரிசு அறிவிப்பு. நடுவர் குழுத் தலைவர் சூடானின் தாயிப் ஸாலிஹ், பரிசு ஒரு லட்சம் எகிப்திய பவுண்டு, பெறுபவர் சன்அல்லாஹ் இப்ராஹீம், மேடையில் பண்பாட்டு அமைச்சர். சன்அல்லாஹ் ஒலிவாங்கியைப் பிடித்தார், சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார், பரிசு கொடுக்கும் நம்பகத்தன்மை இந்த அரசுக்கு இல்லை என்று வாசித்தார், பரிசை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார். அரங்கம் கைதட்டியது, அமைச்சரின் முகத்தைப் பற்றி எழுத ஜரீர்தான் வர வேண்டும். ஹஸ்ஸான் பரிசு கிடைக்காமல் கோபித்தார், இவர் கிடைத்ததால் கோபித்தார். கலை வளர்கிறது.

மறுவருஷம் பிராங்க்பர்ட் புத்தகக் கண்காட்சிக்கு அரபுலகம் சிறப்பு விருந்தினர். ஒரு நாட்டை அழைத்தால் அந்த நாட்டு எழுத்தாளர்கள் மட்டும் சண்டை போடுவார்கள். இங்கே அழைக்கப்பட்டது 22 நாடுகளின் அரபு லீக். பொறுப்பு லீகிடம் போனது, அதாவது பேனாக்காரர்களின் விழாவைக் கோப்புக்காரர்கள் நடத்தினார்கள். சில நாடுகள் கூட்டு மேடைக்கே வரவில்லை. நோபல் பெற்ற நஜீப் மஹ்ஃபூஸ், 92 வயது, வீட்டிலிருந்தே செய்தி அனுப்பினார். 1988இல் நோபல் வாங்கவே ஸ்டாக்ஹோம் போகாதவர். எல்லா விழாக்களையும் புரிந்துகொண்ட ஒரே எழுத்தாளர் அவராக இருக்கலாம்.

2009இல் துபாயில் சர்வதேச இலக்கிய விழா பிறந்தது. பிறக்கும் முன்பே கோபம் வந்துவிட்டது, அதுவும் கனடாவிலிருந்து. ஒரு பிரிட்டிஷ் நாவலைத் துபாய் தடை செய்துவிட்டது என்று செய்தி பரவ, மார்கரெட் அட்வுட் வரமாட்டேன் என்றார். விசாரித்தால் தடை என்று ஒன்றில்லை. விழாவில் வெளியிட இடம் தரவில்லை என்று மாதங்களுக்கு முன் எழுதிய கடிதம், நல்ல விளம்பர உடுப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவசரப்பட்டுவிட்டதாக அட்வுட் எழுதினார், காணொளியில் தோன்றித் தணிக்கை பற்றிப் பேசவும் பேசினார். முஹல்லக்கின் பெண்களுக்கு அஃஷா செய்ததை அந்த நாவலுக்கு வதந்தி செய்து கொடுத்தது.

2010இல் அபுதாபி. லட்சக்கணக்கானோர் பார்க்கும் 'லட்சங்களின் கவிஞர்' தொலைக்காட்சிப் போட்டி. நடுவர்களும் குறுஞ்செய்தி வாக்குகளும் சேர்ந்து தீர்ப்பு. சவூதியைச் சேர்ந்த ஹிஸ்ஸா ஹிலால், கண்கள் மட்டும் தெரிய முழுத்திரையில் மேடையேறினார். மனிதரை அச்சுறுத்தும் ஃபத்வாக்களை அடித்து நொறுக்கிக் கவிதை சொன்னார். கொலை மிரட்டல்கள் வந்தன. இறுதிச் சுற்றுக்கு வந்த முதல் பெண். இடம்? மூன்றாவது. 30 லட்சம் திர்ஹம் கிடைத்தது, ஒன்றும் மோசமில்லை. ஆனாலும் கன்ஸா எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருந்தால், 'இவளுக்கு முன்னால் யாரம்மா பாடினது?' என்று கேட்டிருப்பார்.

உக்காஸும் 2007இல் எழுந்துவிட்டது. தாயிஃபுக்கு அருகே சவூதி அரசே கூடாரம் போட்டு, நடிகர்களுக்குப் பழைய உடை மாட்டி, ஒட்டகம் ஏற்றி, பரிசும் கொடுக்கத் தொடங்கியது. புத்துயிர் கொடுத்தவர் ஆளுநராக இருந்த இளவரசர் காலித் அல்ஃபைஸல், அவரே ஒரு கவிஞர்.

ஆக, 1,400 ஆண்டு அனுபவத்தின் அடிப்படையில், விழா நடத்த விரும்புவோருக்கு மூன்று பேர் தேவை. பணம் போட ஒரு பணக்காரர். அவர் மேடையில் கவிதை வாசிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர். எப்போதாவது அடி வாங்கி ஓடியவராக இருந்தால் உத்தமம். மூன்றாவதாகக் கோபித்துக்கொண்டு எழுந்து போக ஒருவர். முதல் இருவரின் பெயர்களை அழைப்பிதழோடு மறந்துவிடுவார்கள், மூன்றாமவர்தான் வரலாற்றில் நிற்பார். அவருக்கு அழைப்பும் பயணப்படியும் தேவையில்லை. அழைக்கவில்லை என்று கேட்பதற்காகவே வந்துவிடுவார்.